சாக்கில் எஞ்சிய ஒரு ஜோடி ஷூ

பிற்பகல் 1.40. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து அஞ்செட்டிப் பேருந்து புறப்பட்டது. கட்டணம் நாற்பத்தெட்டு ரூபாய். சனிக்கிழமையாயினும் முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிவரக் கம்பெனிப் பேருந்துகள் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. மூக்கண்டப்பள்ளியில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்; இந்த மாவட்டத்தில் காவிரியை நோக்கி இறங்கும் ஆறு ஒன்று பாறையைப் பிளந்து செல்கிறது என்பதைச் சென்ற மாதம்தான் அறிந்தேன். மாலை வெயில் அங்கே பத்து நிமிடமே விழும் என்றார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் பயணம்.

3.50. அஞ்செட்டி. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்கு முனிராஜ் என்பவரின் ஆட்டோ. போக வர முந்நூற்றைம்பது.

“ஆறரைக்கு வண்டிய எடுத்துருவேன் சார். நீங்க வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி.”

“வரவில்லையென்றால்?”

“ஆறரைக்கு மேல ரோடு யானையோடது. அதுக்கு ஆட்டோவும் ஒண்ணுதான், போட்டோக்காரரும் ஒண்ணுதான்.”

4.45. பாதை முடியும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை. நடத்துபவர் மாதம்மா, நாற்பது வயதிருக்கும். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஐந்து பேரைக் கன்னடத்தில் அதட்டி, செருப்புகளைக் கழற்ற வைத்து, ஒரு சாக்கின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கழட்டுங்க. வெறுங்காலுதான் பாறையில நிக்கும்.”

“கீழே கோவில் இருக்கிறதா?”

“சாமியெல்லாம் இல்ல. எத்தன ஜோடி காலு கீழ போச்சோ அத்தன ஜோடி மேல வரணும். வந்தாத்தான் நான் கடைய அடைப்பேன்.”

செருப்பைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தேன். ஏற்பாடு எளிமையானது, ஏற்பாடு தேவைப்பட்ட காரணத்தை நான் கேட்கவில்லை.

5.20. ஊர்க்காரர்கள் அதைப் பள்ளம் என்றே சொல்கிறார்கள். இரு கரும்பாறைச் சுவர்கள். நடுவே நூறடி ஆழத்தில் தண்ணீர். தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் ஓசை உள்ளங்காலில் தெரிந்தது. நான் இருமினேன். சற்றுப் பொறுத்து எதிர்ச் சுவரில் யாரோ இருமினார்கள். பெங்களூர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்பும் திரும்பி வந்தபோது சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சீக்கிரமே மேலேறிப் போனார்கள்.

5.51. வெயில் விழுந்தது. கரிய சுவர் அடியிலிருந்து மேலாகச் சிவந்தது. முதல் படம் எடுத்தபின்தான் கவனித்தேன்: என் கரையிலேயே, ஆற்றின் போக்கில் கொஞ்ச தூரத்தில், நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமேல் நீலச் சட்டை அணிந்த ஒருவர் நின்றிருந்தார். எதிர்ச் சுவரில் அவருடைய நிழல் அவரைவிடப் பல மடங்கு பெரிதாக விழுந்திருந்தது. படம் கெடுகிறதே என்று எரிச்சல் வந்தது. இடப்புறம் நகருமாறு கையசைத்தேன். அவரும் கையுயர்த்திவிட்டு நகர்ந்தார். 5.53-க்கு எடுத்த படத்தில் பாறை மட்டுமே இருந்தது. அன்றைய படங்களில் அதுவே ஆகச் சிறந்தது.

6.08. மேலே வந்தேன். சாக்கில் இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று என் செருப்பு. மற்றது தொழிற்சாலையில் அணியும் கறுப்பு சேஃப்டி ஷூ. காலுறைகள் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தன. மரத்தடியில் ஓசூர்ப் பதிவெண் கொண்ட பைக் நின்றது.

“வேற வழியா ஏறியிருப்பான்” என்றார் முனிராஜ், வானத்தைப் பார்த்தபடி.

“ஏறி? ஷூவயும் வண்டியயும் விட்டுட்டு நடந்தே ஓசூர் போயிட்டானா?” மாதம்மா என்னிடம் வந்தார். “நீங்க பாத்தீங்களா?”

கேமராவின் திரையைக் காட்டினேன். 5.51: நீலச் சட்டை. 5.53: பாறை. அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததைத் திரை சொல்லாது. நான்தான் சொல்ல வேண்டும். சொல்லாமலிருக்கவும் முடியும் என்பதை, வெட்கத்துடன் எழுதுகிறேன், அப்போது யோசித்தேன்.

“நான்தான் அவரைத் தள்ளிப் போகச் சொன்னேன். கையால்.”

“எந்தப் பக்கம்?”

“இடப்புறம்.”

“எடது பக்கம் எடமே இல்லியே சார்” என்றார் மாதம்மா.

முனிராஜ் ஆட்டோவின் பின்புறத்திலிருந்து வண்டி இழுக்கும் கயிற்றை எடுத்தார். ஆறரை பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

6.20. நீலச் சட்டைக்காரர் நின்ற பாறைக்கு மூவரும் இறங்கியிருந்தோம். வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. பாறை மட்டும் இன்னும் சூடாக இருந்தது. மாதம்மா கைகளைக் குவித்துக் கூப்பிட்டார்: “யாராவது இருக்கீங்களா?”

“இருக்கீங்களா?” என்றது சுவர்.

மீண்டும் கூப்பிட்டார். “இருக்கீங்களா?”

மூன்றாம் முறை பள்ளம் முதலில் அவர் சொன்னதையே சொன்னது. பிறகு, வேறொரு குரலில், மெதுவாக, “இருக்கேன்” என்றது.

பாறைக்குக் கீழே பத்தடியில், ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு விளிம்பில், சுவரோடு முதுகை ஒட்டியபடி அவர் அமர்ந்திருந்தார். கயிற்றை மரவேரில் கட்டி மூவரும் இழுத்தோம். பெயர் சரவணன், ஊர் திருவண்ணாமலைப் பக்கம், ஓசூருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. முழங்கை சிராய்த்திருந்தது.

“ஏம்ப்பா, கத்தக் கூடாதா?” என்று கடிந்தார் மாதம்மா.

“கத்தினேன்க்கா. என் குரலே திரும்பத் திரும்ப வந்துச்சு. கீழ இன்னொருத்தன் மாட்டிக்கினு கத்தற மாரி இருந்துச்சு. அப்புறம் கத்தவே பயமாப் போச்சு.”

பிறகு அவர் பார்வை என் கேமராவில் நின்றது.

“போட்டோ வந்துச்சாண்ணே? நீங்க கை காட்டனதும், அங்க நின்னா நல்லா விழும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். எட்டி வச்சேன், வழுக்கிடுச்சு. ஊருக்கு அனுப்பலாம்னு…”

பொய் ஒன்று தயாராகவே இருந்தது. ஆனால் 5.53 படத்தைக் காட்டி, “நீங்கள் படத்தில் விழக் கூடாதென்றுதான் கை காட்டினேன். என்னை மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். “மொதல்ல எடுத்தத அனுப்புங்கண்ணே. அதுல நான் இருக்கேன்ல?”

இருந்தார், சுண்டுவிரல் நகத்தளவில். மாதம்மா சாக்கிலிருந்து ஷூவை எடுத்து அவர் முன் வைத்து, அவர் நாடா கட்டி முடிக்கும்வரை நின்று பார்த்தபின்பே கடையின் தட்டியை இறக்கினார்.

திங்கட்கிழமை காலை 5.30. மூக்கண்டப்பள்ளி. கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நீலச் சட்டைகள் வரிசையாக நின்றிருந்தன. எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தக் கையை உயர்த்தினேன். வரிசையில் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, கேள்வியேதும் கேட்காமல், ஓரடி இடப்புறம் நகர்ந்தார்.