கழுத்தில் கயிறு கூடாது

என் மகளுக்குப் புத்தி கலங்கியது, தலைப்பிரசவம் ஆகித் தீட்டுக் கழிவதற்குள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் என் வாடகை வீட்டில்தான் அவள் பிள்ளை பெற்றாள். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்த ஒரே மகளைக் கிள்ளானில் துறைமுகத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணிக்குக் கட்டிக்கொடுத்திருந்தேன். பிறந்தது ஆண் பிள்ளை. பிரசவத்தில் ஒரு சிக்கலும் இல்லை.

முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பசி. அப்புறம் பிள்ளையைப் பார்க்கிற பார்வை மாறியது. பால் கட்டி மார்பு கல்லாக இருந்தபோதும் தொடமாட்டேன் என்றாள்.

"இது என் பிள்ளை இல்லம்மா. மாத்திட்டாங்க. நீங்க கண்ணு மூடின நேரத்துல மாத்திட்டாங்க."

ஒரு மத்தியானம் நான் குழாயடியிலிருந்து தண்ணீரோடு திரும்பியபோது, பிள்ளையைத் துணியில் சுற்றித் தெருவோரம் சாக்கடைப் பக்கமாக வைத்துவிட்டு, கதவை உள்ளே தாழிட்டிருந்தாள். "அவங்க பொருள் வெளியில இருக்கு, அவங்க வந்து எடுத்துக்கட்டும்" என்று உள்ளேயிருந்து சொன்னாள். குரலில் கோபம் இல்லை. பாத்திரக்காரனிடம் பேசுகிற குரல்.

அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா வந்து பிள்ளையைக் கிள்ளானுக்குத் தூக்கிக்கொண்டு போனார். டின் பால் கொடுத்து வளர்த்துக்கொள்கிறோம் என்றார். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு வாயும் இல்லை. "அவளுக்குத் தெளியட்டும் சம்பந்தி. தெளிஞ்சா பிள்ளை எங்க போயிடும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். தெளிந்தால் பிள்ளை கிடைக்கும். தெளியவைக்க வேண்டும்.

எங்கே கொண்டுபோவது என்பதில்தான் எல்லாரும் பேசினார்கள். வீட்டிலேயே அறைக்குள் வைத்துப் பூட்டு என்றார்கள் சிலர். கப்பலேற்றி ஊருக்கு அனுப்பு, அங்கே கோயிலில் விட்டால் சரியாகும் என்றார்கள். புத்தி கலங்கியவர்களுக்கென்றே அரசாங்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வடக்கே பேராக்கில் இருந்தது. அந்த ஊரின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சண்டை போட்டால் அந்த ஊருக்குப் போகச் சொல்லித்தான் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். அதற்காக நானே அவர்களைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். என் மகளை அங்கே அனுப்புவதா என்று முதலில் நினைத்தேன்.

சம்பந்தியம்மா வேறு இடம் சொன்னார். கிள்ளான் பக்கத்தில் மேரு என்ற ஊருக்கு அப்பால், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சாமியார் இருந்தார். நீளமான ஒரு கொட்டகை, அத்தாப்பு ஓலைக் கூரை. மூளை கலங்கியவர்களையும் குடியை விடமுடியாதவர்களையும் அங்கே ஒரு மண்டலம் வைத்திருப்பார்கள். நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கவேண்டும், அவரும் உப்பில்லாமல்தான் சாப்பிடவேண்டும். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. மகளைத் தனியாக விடவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுக்கொண்டு போனேன்.

கொட்டகையில் வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு சங்கிலி. பொழுது விடியும்போது கிணற்றுத் தண்ணீரைத் தலையில் குடம் குடமாக ஊற்றுவார்கள். பிறகு எலுமிச்சம்பழச் சாற்றைக் கண்ணில் விடுவார்கள். வேப்பங்கொத்தால் அடிப்பார்கள். சாமியார் ஏமாற்றுக்காரர் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் மகளை அடிக்கும்போது அவர் கண்ணிலும் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பொய்யராக இருந்தால் திட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

பக்கத்துத் தூணில் ஒரு தோட்டத்து ஆள், பெரிய கள்ளுக் குடியன். அண்ணன் தம்பிகள் சேர்ந்து கட்டித் தூக்கிவந்திருந்தார்கள். வந்த புதிதில் கை நடுங்கி, தண்ணீர்க் குவளையைக்கூட வாய்க்குக் கொண்டுபோக முடியாது. சில வாரங்களில் நடுக்கம் நின்று, மனுஷனாகப் பேச ஆரம்பித்தார்.

"என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? இங்கன கள்ளுக்கடை இல்ல, அவ்வளவுதான் மருந்து. சாமி அடிக்கிற அடி சும்மா மேலுக்கு."

"அப்ப ஏன் அடி வாங்கிக்கிட்டு இருக்கீங்க?"

"வீட்டுல அடிச்சா கேவலம். இங்க அடிச்சா வைத்தியம்லா."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, "உங்க பொண்ணு குடிச்சிட்டா வந்திருக்கு? அதுக்கு எதுக்கு அடி?" என்று கேட்டார்.

சங்கிலி உராய்ந்து மகளின் கணுக்காலில் புண் வந்தது. புண்ணில் சீழ் வைத்தது. காய்ச்சல் கண்டது. காய்ச்சலில் அவள் பேசாமல் கிடந்ததைப் பார்த்து, "இறங்குது, இறங்குது" என்று சாமியாருக்கு உதவியாக இருந்த பூசாரிப் பெண் சந்தோஷப்பட்டாள். நான் சாமியாரின் காலில் விழுந்து சங்கிலியை அவிழ்க்கச் சொன்னேன். மண்டலம் முடியாமல் போனால் திரும்ப ஏறிக்கொள்ளும் என்றார். ஏறட்டும் என்றேன். மாட்டுவண்டியில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே காலைக் குணப்படுத்தினார்கள். மற்றதற்கு வடக்கேதான் போகவேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

நானும் மாப்பிள்ளையும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை நல்ல பையன். அதிகம் பேசாதவர். ரயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "வந்துடுச்சா?" என்று அவள் கேட்டாள். "இல்லம்மா, இன்னும் தூரம் இருக்கு" என்று அவர் சொன்னார்.

ஆஸ்பத்திரி பெரிய தோப்பு மாதிரி இருந்தது. பெண்கள் பக்கம் தனி. வாசலிலேயே ஒரு தமிழ் நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள், வந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். கனிவாகத்தான் பேசினார். தோடு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கழுத்தில் கை வைத்தார்.

மாப்பிள்ளை, "அது தாலிங்க" என்றார்.

"தெரியும் அண்ணே. நானும் கட்டியிருக்கேன். ஆனா இங்க கழுத்துல கயிறு கூடாது, யாருக்கும் விடுறதில்ல. போன வருஷம் ஒரு பொண்ணு…" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

என் மகள் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள், தலை பின்னிவிடக் காட்டுகிற மாதிரி. மிஸ்ஸி தாலியைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் மடித்து என்னிடம் நீட்டினார். "அம்மா, நீங்க வெச்சிருங்க. போகும்போது வாங்கிப் போட்டுக்கட்டும்."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நான் தாலி இழந்தவள். இவள் கல்யாணத்தில்கூட மேடைப் பக்கம் போகாமல் சமையல் கொட்டகையில்தான் நின்றேன். உயிரோடு இருக்கிற புருஷனின் தாலியை என் கை தொட்டு என் வீட்டில் வைத்தால், என் தலையெழுத்து இவளுக்கும் ஒட்டிவிடும் என்று தோன்றியது. எங்களில் எந்தக் கைம்பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"கட்டினவர்கிட்டயே குடுத்துடுங்க" என்றேன்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கு விடுமுறை வந்தபோதெல்லாம் வடக்கே போய் வந்தேன். முதல் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேன் என்று தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உள்ளே யாரோ ஒருத்தி விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் ரயிலில் என் காதுக்குள் அந்தச் சத்தம்தான். அடுத்த தடவை, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிந்திய தடவை தையல் கொட்டகையில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை வைத்துவிட்டு, "பையன் தவழுறானா?" என்றாள். அவளுடைய பையன். நான் வெளியே வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது, எதைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார். தூக்கம், சாப்பாடு, பேச்சு. இந்த மூன்றில் எது மாறினாலும் உடனே கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை. நான் மட்டும் போய்க் கூட்டிவந்தேன்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவளுடைய வெட்டிய தலையையும் வெறுங்கழுத்தையும் பார்த்து, "பாவம், இந்த வயசுலயேவா?" என்று என்னிடம் கேட்டார்.

மகள்தான் பதில் சொன்னாள். "இல்லீங்க. இருக்காரு, கிள்ளான்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். சம்பந்தியம்மா வாசலிலேயே வந்து நின்றார். நல்லா இருக்கியா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கையை நிலைப்படியில் குறுக்கே வைத்துக்கொண்டார். உள்ளே மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"கழுத்துல ஒண்ணும் இல்லாம படி ஏறாதம்மா. என் பிள்ளை உயிரோட இருக்கான்."

"அதான் வாங்கிக்க வந்திருக்கேன் அத்தை. அவர்கிட்டதான் குடுத்தாங்க."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "கழட்டின தாலியை எப்படி சம்பந்தி வீட்டுக்குள்ள வெச்சிருக்கிறது? அன்னைக்குக் கொண்டாந்து மேசை மேல வெச்சான். நேரா அம்மன் கோயிலுக்குப் போனேன். என் மகன் உயிருக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உண்டியல்ல போட்டுட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. என் கையைப் பின்னால் இழுத்த அதே பயம்தான் அவரைக் கோயிலுக்குத் துரத்தியது.

"அப்ப இன்னொண்ணு கட்டச் சொல்லுங்க" என்றாள் மகள்.

"அது விளையாட்டா? நாள் பாக்கணும், நாலு பெரியவங்களைக் கூப்பிடணும். கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. திரும்ப வராதுன்னு உங்க டாக்டரு சொல்லுவாரா?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே பிள்ளை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

மகள் திரும்பி நடந்தாள். அழுதுகொண்டு போகிறாள் என்று நினைத்துப் பின்னால் போனேன். தெருமுனை மளிகைக் கடையில் நின்று மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் கேட்டாள். கடைக்காரர் முன்னாலேயே மஞ்சளைக் கயிற்றில் கட்டி, தன் கையாலேயே கழுத்தைச் சுற்றி, பின்னால் கையை விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மூன்று முடிச்சு. நான் என்ன செய்கிறாய் என்று கேட்பதற்குள் மறுபடி வாசலில் போய் நின்றாள்.

"இப்பக் கழுத்துல இருக்கு. ஏறலாமா அத்தை?"

அடுத்த வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஐயையோ, இன்னும் தெளியலையே" என்றாள் ஒருத்தி. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்துக்கோங்க சம்பந்தி, உங்க கண்ணாலயே பாத்துக்கோங்க. புத்தி உள்ள பொம்பள தனக்குத்தானே தாலி கட்டிக்குவாளா?"

நான் என் மகளைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை எல்லாம் பார்த்தேன். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கினாள். காலையில் நான்கு தோசை சாப்பிட்டாள். பேச்சில் ஒரு சொல் பிசகவில்லை. ஆனாலும் உலகத்தில் எந்தப் பெண்ணும் செய்து நான் பார்த்திராத காரியத்தைச் செய்துவிட்டு நிற்கிறாள். இது தெளிவா, கலக்கமா? என் மகள் சரியாகத்தான் இருக்கிறாள் என்று அப்போது நான் உரக்கச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. எனக்கே நிச்சயம் இல்லாதபோது எப்படிச் சொல்வது?

மாப்பிள்ளைதான் அசைந்தார். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து, அம்மாவின் கைக்குக் கீழே குனிந்து, படி இறங்கி, மகளின் கையில் கொடுத்தார். "டேய், டேய்" என்று சம்பந்தியம்மா கத்தினார்.

அவள் பிள்ளையை வாங்கி முகத்தைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, உடம்பை வில்லாக வளைத்து, பாட்டியிடம் போகக் கையை நீட்டி வீறிட்டது. அவள் தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். நடந்து பார்த்தாள். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. யாரும் பிடுங்கவில்லை. அவளாகவே படி வரைக்கும் போய், ஏறாமல், கீழே நின்றபடியே பிள்ளையை சம்பந்தியம்மாவிடம் நீட்டினாள்.

"அழவெக்காதீங்க. பால் குடுங்க" என்றாள்.

திரும்பும் ரயிலில் ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டும்போது, "கீழ ரெண்டு பல்லு முளைச்சிருக்கும்மா" என்றாள்.

அந்த வீட்டிலிருந்து இன்னும் யாரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று கேள்வி. அவர் மட்டும் ஒருமுறை பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, என் மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வராமலே போனார். அவள் தையல் வேலை எடுத்துச் செய்கிறாள். நான் அவள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பேச்சையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சோற்றில் பாதியை வைத்துவிட்டால் ஏன் என்று இரண்டு தரம் கேட்கிறேன்.

போன வாரம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"கிள்ளான் மீன்காரம்மா வந்துட்டுப் போனாங்கம்மா. பையன் நடக்குறானாம். கோழியைப் பிடிக்கப் போயி, கோழி அவனைத் துரத்திச்சாம். அதை நினைச்சேன்." ஈரத் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சிரிக்கக்கூடாதாம்மா?"

"சிரி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துணியை உதறி, கொடியில் போட்டாள்.