உள்ளங்கைச் சூடு

செல்வி, கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்.

நேற்று பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்த உன் காலில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். "கால வுட்டுட்டு வாயத் தொறங்களேன். இருவது வருசமா சொவத்துகூட குடும்பம் நடத்துறேன். நாளைக்கு கீழ்பென்னாத்தூர்ல எங்கண்ணன் வூட்டுக்கே போறேன்" என்று அழுதாய். நான் அந்த எண்ணெய் வாசனையில் ஒன்பது வயதுக்குப் போயிருந்தேன்.

அப்பா மண்டியில் மூட்டை தூக்கினவர். மலை சுற்றி வந்ததும், கல் குத்தின என் காலை மடியில் வைத்து, கரண்டியில் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார். அம்மா கேட்பாள்: "புள்ளைய ஒருதரம் கண்ணுன்னு கூப்புட்டா வாயில முத்து உதுந்துடுமா?" அப்பா இன்னும் அழுத்தித் தேய்ப்பார். எனக்கு அந்தக் காய்த்துப்போன உள்ளங்கையின் சூடு போதும். எல்லோருக்கும் அதுவே போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அப்பா செத்தபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் எம்பேர ஒருதரம் சொல்லலியே" என்று அழுதாள். ஏன் அதற்குப்போய் அழுகிறாள் என்று நினைத்தேன். நேற்று நீ அழுதபோதுதான் தெரிந்தது.

வாயால் சொல்ல எனக்கு இப்போதும் வராது. அதனால் எழுதி உன் பையில் வைக்கிறேன். பஸ் ஏறுவதற்குள் படித்துவிடு. போகாதே, செல்வி. நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

8-6-2009, காலை