பின்மண்டைச் சிக்கு

என் பார்லர் பஸ் நிலையத்துக்கு நேர் எதிரில், மாடியில் இருக்கிறது. நாள் பூராவும் ஒரு பெண் குரல் ஜன்னல் வழியே என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எந்த வண்டி, எந்த மேடை, எப்போது கிளம்பும் என்று எல்லாமே இரண்டிரண்டு தடவை. புருவம் திருத்த உட்கார்ந்தவர்கள், "ஐயோ, என் வண்டி! மத்தப் புருவத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பாதியில் எழுந்து ஓடியதுண்டு. ஒற்றைப் புருவத்தோடு ஊருக்குப் போய், பார்லர்காரி சரியில்லை என்று என் பெயரைக் கெடுப்பார்கள். அந்தக் குரலை நான் திட்டாத நாள் கிடையாது. ஆனால் குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்த்ததே இல்லை.

யார்தான் பார்த்தார்கள்? அவள் உட்காரும் அறை பஸ் நிலைய மாடிப்படிக்கு அடியில். ஒரு மேஜை, ஒரு மைக், தலையைத் திருப்ப மறந்துபோன ஒரு மின்விசிறி. ஜன்னல் கிடையாது. டைம் கீப்பர் கதவிடுக்கில் முகத்தை நீட்டி, வந்த வண்டியைச் சொல்லிவிட்டுப் போவார். அவள் அதை ஊருக்குச் சொல்வாள். 'மைக் அக்கா' என்றால் கண்டக்டர்கள் முதல் பூட்டு ரிப்பேர்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் நிறுத்தி, இவர்களில் மைக் அக்கா யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து மைக்கில் ஏதோ ஓர் ஆண் குரல். ஜலதோஷம் பிடித்தவன் போல. என்ன சொல்கிறான் என்றே புரியவில்லை. மதியம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். வாசலைத் தாண்டாமலே நின்று, "முடி வெட்டணும். ஒட்ட முடி வெட்டணும்" என்றாள்.

"அட! மைக் அக்காவா நீங்க?"

"ஆமாம். ஆமாம்."

நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டை அவிழ்த்தேன். அடக் கடவுளே! இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டிய முடி, பின்மண்டையில் ஒரே உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. முன்பக்கம் செம்பட்டையாக விறைத்துக்கொண்டு நின்றது. காதோரம், கழுத்து எல்லாம் ஆரஞ்சு நிறம். தொட்டுப் பார்த்தால் தேங்காய் நார் தோற்றது.

"என்னத்தைக்கா போட்டீங்க?"

"மருதாணிப் பொடிதான். மளிகைக் கடைக்காரர்கிட்ட கேட்டுத்தான் போட்டேன்."

"எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

"ராத்திரி பூரா. 'ராத்திரி ஊற வெச்சிடுங்க, காலையில போட்டுக் குளிங்க'ன்னாரு. ஊற வெச்சேன். பாலித்தீன் பையைக் கட்டிக்கிட்டே படுத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "அக்கா, பொடியைக் கிண்ணத்துல ஊற வைக்கச் சொல்லியிருக்காரு அந்த மனுஷன்! நீங்க தலையை ஊற வெச்சிருக்கீங்க!"

கண்ணாடியில் என்னையே பார்த்தாள். "எதை ஊற வைக்கணும்னு அவர் சொல்லவே இல்லையே" என்றாள். "காலையில போட்டுக் குளிங்கன்னதை சோப்பைச் சொல்றாருன்னு நெனச்சேன்."

எந்த வண்டி எந்த மேடைக்கு என்று ஊருக்கே இரண்டு தடவை சொல்கிறவள், 'எதை?' என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? சரி, கடையில்தான் கேட்கவில்லை. வீட்டில் இன்னோர் ஆள் இருந்திருந்தால், "என்னடி கூத்து இது, தலையில பையைக் கட்டிக்கிட்டுப் படுக்கப் போறே?" என்று சத்தம் போட்டிருக்கும். ஆள் இல்லை. விடிந்து பார்த்தால் பொடி மண்டையோடு காய்ந்து கிடந்திருக்கிறது. போகாததற்கு ஷாம்பூ, அதுவும் இரண்டு தடவை. பிறகு துண்டால் அழுத்தித் தேய்த்து, நெருக்கமான பல் சீப்பை உச்சியிலிருந்து இறக்கியிருக்கிறாள். சிக்கு விழாமல் என்ன செய்யும்?

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்னக்கா திடீர்னு மருதாணி?"

"என் ரூமை இடிச்சுக் கட்டப் போறாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து விசாரணைக் கவுன்ட்டர்ல உட்காரணுமாம். எல்லாரும் பார்ப்பாங்க. நரைச்ச தலையோட போய் உட்காரவான்னுதான்..." என்றவள் சட்டென்று கையை வீசினாள். "வெட்டிடு. வெட்டிடு."

வெட்டுவது எனக்கு எத்தனை நேரம்? கத்திரியை எடுத்துவிட்டேன். ஆனால் அவள் இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை. பல் பிடுங்க உட்கார்ந்தவள்கூட அப்படிப் பிடிக்க மாட்டாள். கத்திரியை மூடி வைத்துவிட்டு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன்.

எண்ணெய் விட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விரலால் பிரிக்க வேண்டும். முன்பக்கமும் இரண்டு ஓரமும் ஒருவழியாக வழிக்கு வந்தன. பின்மண்டையில் கை வைத்தால் மட்டும் "ஆ!" என்று தலையை இழுத்துக்கொள்வாள். மெதுவாகத் தொட்டாலும் அதே "ஆ!" எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இதென்ன தலையா, தலையாட்டிப் பொம்மையா? ஆடாம உட்காருங்கக்கா" என்று கத்தியே விட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அக்கா கைன்னா வலிக்காது" என்றாள், தனக்குத்தானே சொல்வதைப் போல.

அப்படித்தான் கதை வந்தது. அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர். அப்பா அம்மா முன்னாலேயே போய்விட்டார்கள். பெரியவள் வீட்டில் தையல் மெஷின் மிதிப்பாள். சின்னவள் மைக் வேலை. கல்யாணம் இரண்டு பேருக்குமே தட்டிக்கொண்டே போய், அப்புறம் பேச்சே நின்றுவிட்டது. காலையில் அக்கா தங்கைக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். பின்னி முடித்ததும், "திரும்பு" என்பாள் தங்கை. அக்காவுக்குத் தங்கை பின்னிவிடுவாள். அதற்கப்புறம்தான் வீட்டில் அடுப்பே எரியும். அக்கா வீட்டில் இருந்தவரைக்கும் தன் பின்மண்டையில் தானாகச் சீப்பு வைத்ததில்லை என்றாள் மைக் அக்கா. நம்பத்தான் வேண்டியிருந்தது. அவள் வகிடு போகும் அழகைப் பார்த்தாலே தெரிந்தது.

மதியச் சாப்பாட்டை அக்காதான் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவருவாளாம். அங்கே ஒரு டிரைவர், மனைவியை இழந்தவர். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பிறகு நலம் கேட்டார். ரிட்டயர் ஆன கையோடு பெண் கேட்டார். அக்கா ஐம்பத்தைந்து வயதில் சரி என்று தலையாட்டி, பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டு, அவரோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

"அந்த ஆள் வண்டியைத் தினம் நான்தான் மைக்குல கூப்பிட்டேன். நானே கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்க அக்காவை ஏத்தி அனுப்பிட்டேன்" என்றாள் மைக் அக்கா. 'இந்த வயசுல உனக்குக் கல்யாணம் கேக்குதா?' என்று அன்றைக்கு நறுக்கென்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. அக்கா போன் பண்ணினாலும் இவள் எடுப்பதில்லை. வீட்டில் வானொலியைப் போட்டு வைத்துவிட்டு அதோடு சாப்பிடுகிறாளாம். ஊருக்கே குரல் கொடுக்கிறவளுக்கு வீட்டில் பேச ஒரு சுவர்தான் மிச்சம்.

"அப்ப அக்காவைக் கூப்பிடுங்க" என்றேன்.

"மாட்டேன். மாட்டேன்."

"அப்ப வெட்டிடவா?"

மறுபடியும் கைப்பிடியை இறுக்கினாள்.

"சரி, நீங்க பேச வேணாம். நம்பரையாவது சொல்லுங்க, நான் பேசறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். கடகடவென்று நம்பரைச் சொன்னாள், இரண்டு தடவை. போனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. எல்லாம் மனப்பாடம்.

அந்தப் பக்கம் எடுத்த குரலைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். அதே மைக் குரல். கொஞ்சம் வயதான மைக். நான் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்து பேசுகிறேன், உங்கள் தங்கை இங்கே இருக்கிறாள் என்றதுமே, "அவளுக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள் பெரியக்கா. சொன்னேன். "கத்திரியைக் கீழ வைம்மா. நாளைக்கு மொத வண்டிக்கு வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. இருந்தாலும் திறந்து வைத்தேன். மைக் அக்கா வெகு முன்னாலேயே வந்து, எண்ணெய்த் தலையைத் துண்டில் முடிந்து, ஜன்னலோரம் நின்றாள். ஜலதோஷக்காரன் ஏதாவது அறிவித்தால், "என்னன்னு சொல்றான் இவன்? நடுவுல முழுங்கறான்" என்று சிடுசிடுத்தாள். கடைசியில் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் அம்மா ரோட்டைக் கடந்து வந்தாள். அதற்கப்புறம் மைக் அக்கா ஜன்னல் பக்கம் நிற்கவில்லை. ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

நலமா என்று ஒருத்தி கேட்கவில்லை. போனை ஏன் எடுக்கவில்லை என்று இன்னொருத்தி கேட்கவில்லை. பெரியக்கா நேராக வந்து துண்டை அவிழ்த்தாள், பார்த்தாள்.

"பொடியை ஊற வைக்கணும்டி. மண்டையை இல்ல."

"கடைக்காரர் சொல்லல. சொல்லல."

"சரி, குனி."

அதோடு பேச்சு முடிந்தது. எண்ணெயை இளஞ்சூடு பண்ணித் தரச் சொன்னாள். உருண்டையின் அடியில் விரலை விட்டு, ஓர் இழை, இன்னோர் இழை என்று பிரித்தாள். நடுநடுவே உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். திட்டா கொஞ்சலா தெரியவில்லை. நேற்று தொட்டதற்கெல்லாம் துள்ளிய தலை இன்று அசையவே இல்லை. எட்டிப் பார்த்தேன். மைக் அக்கா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிவிடாதே என்று பெரியக்கா எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள்.

வெயில் சாயும்போது அகலப் பல் சீப்பு உச்சியில் இறங்கி, எங்கேயும் நிற்காமல் நுனி வரைக்கும் வந்தது. எனக்கே கைதட்ட வேண்டும் போல இருந்தது. பெரியக்கா கொண்டை போடாமல் ஒற்றைப் பின்னலாகப் பின்னி, ரப்பர் பேண்டு மாட்டினாள். மைக் அக்கா விழித்துக்கொண்டு பின்னலை முன்னால் போட்டுப் பார்த்தாள். பழக்க தோஷம்தான், எழுந்து நின்று, "திரும்பு" என்றாள்.

"எனக்கு வேணாம்டி."

"திரும்புன்னா திரும்பு" என்று அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பிச் சால்வையை இழுத்துவிட்டாள்.

உள்ளே முடி இல்லை. அதாவது, பின்னுவதற்கு இல்லை. கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டி, நரைத்துக் கிடந்தது.

"முடி எங்கே?" என்றாள் மைக் அக்கா.

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"சிக்கு விழுந்துச்சு. தோள்பட்டை பிடிச்சுக்குது, கை பின்னாடி போக மாட்டேங்குது."

"மாமா இருக்காரே?"

அவரை மாமா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பெரியக்கா சிரித்தாள். "நல்ல மனுஷன்தான். ஸ்டியரிங் பிடிச்ச கைக்குப் பின்னல் தெரியுமா? இதைப் போய் கேக்கவும் எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே?"

"பண்ணேன். நீதான் எடுக்கலையே."

நான் டவல் எடுக்கிற சாக்கில் உள்ளறைக்குப் போய்விட்டேன். அங்கே டவலே கிடையாது. மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பி வந்தபோது, மைக் அக்கா அந்தக் குட்டை முடிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். வைக்கிறதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் வைத்தாள்.

அவருக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பெரியக்கா அன்றைக்கே கிளம்பினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டி கிளம்பிப் போய், அந்த மேடைக்கு அடுத்த வண்டியும் வந்துவிட்டது. மைக் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஏறுகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரக் கடைசியில் கவுன்ட்டரில் அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் பார்ப்போம் என்று நானே இறங்கிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரியவருக்கு மேடையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், இரண்டு தடவை. தலையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதே பின்னல். ஞாயிற்றுக்கிழமை பின்னிய அதே பின்னல். அங்கங்கே பிரிந்து, பிசிறடித்து, பின்மண்டையில் மறுபடியும் முடி மேடு தட்டத் தொடங்கியிருந்தது.

"என்னக்கா இது, இன்னும் அவிழ்க்கவே இல்லையா? அன்னிக்கு அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! அவிழ்த்து, எண்ணெய் வெச்சு சீவுங்க. இப்படியே விட்டா மறுபடியும் சிக்கு விழும்."

பின்னலின் நுனியை விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"விழட்டும். விழுந்தாத்தானே அக்கா வருவா."

இதை மட்டும் அவள் ஒரே தடவைதான் சொன்னாள்.