சாரை என்று சொன்ன சட்டை

விலங்கியல் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் அண்ணனோடும் அண்ணியோடும் இருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தபோது, அந்தப் படிப்பு ஒரே ஒரு முறை உதவ வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்க விறகுக் குவியலில் பாம்புச் சட்டை கிடப்பதாக அண்ணி கூப்பிட்டாள். கழற்றிய காலுறை போல உள்பக்கம் வெளியே வந்திருந்தது. பக்கெட் தண்ணீரில் நனைத்து, கிழியாமல் திருப்பி விரித்தேன். கண் இருந்த இடத்தில் கண்ணாடி போன்ற இரண்டு சின்ன வட்டங்கள். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக் காப்பதும் ஒரு செதில்தான். தோல் உரியும்போது அதுவும் சேர்ந்து உரியும். வயிற்றில் பட்டை பட்டையாக அகலச் செதில்கள். தரையைப் பற்றி நகர அவைதான் உதவும். அதுவரை எந்தப் பாம்பாகவும் இருக்கலாம்.

தலையைப் பார்த்ததும் கை நின்றது. விஷமில்லாத சாரைக்குத் தலையில் பெரிய தகடுகள் இருக்கும். இதில் அரிசி நொய் போலப் பொடிச் செதில்கள். முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வரம்பு, தடவினால் சொரசொரத்தது. கண்ணாடி விரியன்.

அண்ணனிடம் சொன்னேன், குவியலை இன்றே அகற்றவேண்டும் என்றேன். அவன் பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்தான். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தூர நின்றே சாரை என்றார்.

"இன்னாமே, உரிச்ச தோலைப் பாத்து ஜோசியம் சொல்றியா?" என்றான் அண்ணன்.

ரோஷம் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு விறகுக் குவியல் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை விறகு எடுக்கப்போன அண்ணியின் மணிக்கட்டில் விரியன் கடித்தது. விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பாற்றியது, சிறுநீரகத்தைக் காப்பாற்றவில்லை. இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: தங்கச்சி பாம்பைப் பற்றிப் படித்தவள், சரியாக எடுத்துச் சொல்லவில்லை. நான் எச்சரித்தது அண்ணிக்குத் தெரியும், அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் ஒரு நாள் என்னிடம் மட்டும் பேசினாள்.

"உங்க அண்ணனுக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரிஞ்சுது இல்ல? அந்த விறகை நீயே எடுத்துப் போட்டிருக்கலாமே."

அந்த மாதமே பெங்களூரில் விடுதியில் சேர்ந்துகொண்டேன்.