பட்டத்துக்குள் ஒரு விடை

அந்த அறையில் பன்னிரண்டு கணினிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆசிரியர். மாணவர்கள் பாடக் கேள்வியைப் படம் எடுத்து அனுப்புவார்கள். பத்து நிமிடத்தில் விடை போக வேண்டும். மாணவர் 'புரிந்தது' என்று அழுத்தினால் அந்தக் கேள்வி மூடிக்கொள்ளும்; மறுபடி திறக்க முடியாது. மாணவரின் பெயர், ஊர் எதுவும் தெரியாது. சொந்தப் பேச்சு பேசினால் வேலை போய்விடும்.

கணக்கு டீச்சர் அன்று காலை திறந்த மூன்றாவது படத்தில் 7x − 5 = 2x + 20 என்று இருந்தது. ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு. ஓரத்தில் முந்தைய கணக்கின் விடையைச் சுற்றி ஒரு கட்டம், அதற்கு வால். பட்டம்! ஒன்றாம் வகுப்பில் மகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பட்டம்.

மகளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. தகப்பன் அழைத்துப் போனான், முகவரி கிடையாது.

ஐந்து வரியில் விடை எழுதி, தானும் பட்டம் வரைந்து அனுப்பினாள்.

'புரியவில்லை' என்று வந்தது.

இன்னும் விளக்கமாக எழுதினாள். மறுபடியும் 'புரியவில்லை'. மூன்றாவது முறையும் அப்படி வந்தால் கணக்கு வேறு ஆசிரியருக்குப் போய்விடும்.

பக்கத்து நாற்காலி இயற்பியல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஒரே கணக்குல குடியேறிட்டீங்க? பட்டா வாங்கிட்டீங்களா?"

"கொஞ்சம் சும்மா இருப்பா, தம்பி."

"மேனேஜர் பாத்தா உங்களைத்தான் கழிச்சுடுவாரு."

அவளுக்குப் பழைய சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. 'இதுகூடத் தெரியலையா, கொடு இங்க' என்று தினமும் பென்சிலைப் பிடுங்கித் தானே போட்டு முடிப்பாள். குழந்தை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். ஒருநாள்கூட அது முழுதாகப் போட்டு முடிக்க இவள் விட்டதில்லை.

மூன்றாம் முறை எழுதத் தொடங்கியதையெல்லாம் அழித்தாள். 7x − 2x = 20 + 5 என்ற ஒரு வரியை மட்டும் விட்டாள். கீழே காலிப் பட்டம். 'மிச்சத்தை நீயே போடு. நான் காத்திருக்கேன்.'

எட்டு நிமிடம் போனது. ஒன்பதாவதில் படம் வந்தது. x = 5. பட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. வாலுக்குக் கீழே பொடி எழுத்தில்:

'இப்பவாவது பென்சிலை என்கிட்ட விட்டியே.'

"கண்ணம்மா, எங்கடி இருக்கே..." என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். அதையே எழுத விசைப்பலகையில் கை வைத்தாள். வேலை போனால் போகட்டும்.

முதல் எழுத்து விழுவதற்குள், மகள் 'புரிந்தது' அழுத்திவிட்டாள்.

திரை வெளுத்தது. அடுத்த மாணவரின் கேள்வி வந்து நின்றது.