புறாக்களும் வாலிபால் வலையும்

கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். அந்தப் பொங்கலுக்கும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

வடக்கனந்தலில் எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு ஒரே ஓர் அறை, ஒரே ஒரு சாவி. சாவி என் அண்ணனின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். வாலிபால் அணிக்கு அவன்தான் கேப்டன். பெண்பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர் நாடகம் போட ஆரம்பித்த பிறகும் ஒத்திகைக்கு அறையைத் திறக்க அவன்தான் வர வேண்டும். அவன் சாப்பிட்டு, தூங்கி, தலை சீவி முடிக்கும்வரை மன்றத்து வாசலில் காத்துக் கிடப்போம். எரிச்சலாக இருக்கும்.

அந்த வருஷம் நாங்கள் எடுத்துக்கொண்டது புறாக் கதை. தானியத்துக்கு ஆசைப்பட்டு இறங்கும் புறாக்கள் வேடனின் வலையில் சிக்கும். எல்லாம் ஒன்றாக எழும்பி, வலையோடு பறந்து எலி நண்பனிடம் போகும். எலி வலையைக் கடித்து விடுவிக்கும். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். ஆனால் வலைக்கு எங்கே போவது? எங்கள் கைக்கு எட்டியது அண்ணனின் வாலிபால் வலை மட்டும். நாடகத்தன்று சாயங்காலமே மணலூர்பேட்டை அணியோடு அவர்களுக்கு ஆட்டம் வேறு.

“குடுக்கறேன். ஒரு கண்ணி அறுந்தாலும் அப்புறம் நாடகமும் இல்ல, ரூமும் இல்ல” என்றான் அண்ணன்.

“இன்னாண்ணா மெரட்டற? வலைய யாரு அறுக்கறாங்களோ அவங்க இனிமே அந்தச் சாவியத் தொடக் கூடாது. போதுமா?” என்றேன்.

“அவ்ளோதான். வார்த்த மாறாத” என்று சிரித்தான்.

எலிக்காக ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டவள் தெருவிலேயே பொடிசு, இரண்டாம் வகுப்பு. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வலையின் ஒரு மூலையில் பூக்கட்டும் நூலை வெள்ளையாகத் தெரியும்படி கட்டி, “இத மட்டும் கடி, வலைல வாய வெக்காத” என்று பத்து நாள் சொல்லிக்கொடுத்தேன். பத்து நாளும் சமர்த்தாகக் கடித்தாள்.

நாடகத்தன்று மதியம், கோயிலுக்கு எதிரே சிமெண்டுக் களத்தில் உட்கார இடமில்லை. நாங்கள் ஐந்து பேரும் தலைக்கு மேல் வலையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பறந்தோம். முன்வரிசைக் குழந்தைகளுக்கும் பறக்க ஆசை. ஒவ்வொன்றாக வலைக்குள் புகுந்தன. எலி வீடாகக் கவிழ்த்து வைத்திருந்த பெரிய கூடையை நெருங்கும்போது இருபது புறாக்கள் இருந்தோம். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. “இன்னொரு சுத்து!” என்று கத்தி, எல்லாரையும் மறுபடி இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்தச் சுற்றில்தான் பூ நூல் எங்கேயோ அறுந்து விழுந்திருக்க வேண்டும்.

எலி கூடையை விட்டு வெளியே வந்தாள். மூலையைத் தேடினாள். நூலைக் காணோம்.

“சும்மா நடிடி” என்று முணுமுணுத்தேன்.

“சும்மா கடிச்சா நீங்கள்லாம் எப்டிக்கா வெளிய வருவீங்க?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டு, வலையைக் கவ்வி ஒரே இழு இழுத்தாள். ஆடிய பல் விழுந்துவிட்டது. கூட்டம் ‘ஐயோ’ என்றது. அவள் பல்லை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கவ்வினாள். வலை அசையவில்லை. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். “புறாங்க மாட்டிக்கினே கீதுங்களே” என்று தேம்பினாள்.

அண்ணன் கூட்டத்தைத் தாண்டி வந்தான். வலையைப் பிடுங்கப் போகிறான், நாடகமும் போச்சு அறையும் போச்சு என்று நான் வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் அவள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்தான். துண்டால் துடைத்துவிட்டான்.

“ண்ணா, நீயும் எலியா?” என்றாள் அவள்.

அவன் வலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஆமா. பெரிய எலி” என்றான். பிறகு நிஜமாகவே கடித்தான். நல்ல நூல் வலை, சுலபத்தில் அறுபடவில்லை. “கடி! கடி!” என்று ஊரே கத்தியது. ஆறேழு கண்ணி போனதும் ஓட்டை வழியாக இருபது பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்தோம். களத்தில் எழுந்த கைதட்டலில் எலி அழுகையை மறந்து, பொக்கை வாயோடு சிரித்தாள்.

ஓட்டையைப் பூக்கட்டும் நூலை முறுக்கித் தைத்துக் கொடுத்தோம். அண்ணன் அணி ஆட்டத்தில் தோற்றது. அதற்கு வலை காரணமில்லை. என்றைக்கும்போல அன்றைக்கும் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து வந்தவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதிசயமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனே கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தான்.

“அறுத்தது நான்தானே” என்று நீட்டினான்.

அப்புறம் பந்து எடுக்க வேண்டுமென்றால் மன்றத்து வாசலில் அவன்தான் காத்துக் கிடந்தான். நான் சாப்பிட்டு, தூங்கி, தலை பின்னி முடிக்கும்வரை.