இரண்டாம் பல்வரிசை கண்ட ஹரிஹரன் சார்

கல்லாற்றைச் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு போய், பஸ்ஸை விட்டு இறங்கி, கடையில் சாயா சொல்லியிருந்தேன். அப்போது கரமனையிலிருந்து ஹரிஹரன் சாரின் மனைவி, மாமியின் போன். "செல்வி, சார் போயிட்டார்ம்மா" என்றார். வந்த சாயாவை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

ஹரிஹரன் சார் எங்கள் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்தவர். அதே துறையில், பாறைக்குள் கிடக்கும் பழங்கால எலும்பைச் சுற்றியுள்ள கல்லை ஊசியால் சுரண்டி எடுப்பது என் வேலை. நாள் முழுக்கச் சுரண்டினால் ஓர் அரிசி அளவு கல் போகும். எனக்கு வாய் நீளம். அவருக்கோ கோபமே வராது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சுத்தம் செய்தவர்தான் கண்டதை முதலில் சொல்ல வேண்டும். "பேரு வேண்டாம். கண்ணுல பட்டதை மட்டும் சொல்லுங்கோ. பேரு சொன்னா கண்ணு மூடிக்கும், கேட்டேளா?" என்பார்.

கோதாவரிப் பக்கத்துப் பாறையில் கிடைத்த ஒரு சின்ன மேல்தாடையை, ஓணான் குடும்பத்தின் மூதாதை என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். பற்கள் குழியில் இல்லாமல் விளிம்போடு ஒட்டியிருந்தன, ஓணானுக்கும் அப்படித்தான். அவருக்கு இருந்த பெயரெல்லாம் அந்தத் தாடையால் வந்தது.

கருத்தரங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "படம் நன்னா வரணும், உள்பக்கத்துக் கல்லையும் எடுத்துடுங்கோ" என்றார். எடுத்தேன். அண்ணத்தில் இன்னொரு பல்வரிசை! ஓணானுக்கு அது கிடையாது. இந்த நல்ல மனிதர் தலையில் நானா மண்ணைப் போட வேண்டும்? பசையில் கல்தூளைக் குழைத்து அப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மதியம் வரை அந்த யோசனையிலேயே இருந்தேன்.

"என்ன கண்டேள்?" என்று அவரே வந்து நின்றார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மேல ரெண்டு வரிசை பல்லு. நடுவுல பள்ளம். கீழ்த்தாடைப் பல்லு அதுக்குள்ள போய் உக்காரும் போல."

லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்தார். "என்டம்மே!" என்றார். "இது ஓணானும் இல்லை, பல்லியும் இல்லை. துவாட்டராங்கற பிராணியோட வம்சமாக்கும்! பல்லிக்குப் பங்காளி. ஒரு காலத்துல உலகம் முழுக்க இருந்த கூட்டம். சிலது கடல்ல நீந்தித்து, சிலது தழை தின்னுது. இப்ப நியூசிலாந்துத் தீவுல ஒரே ஒரு இனம்தான் மிச்சம். செல்வி, கோடிக்கணக்கான வருஷம் மூடியிருந்த வாயை நாமன்னா திறந்து பார்க்கறோம்!"

அவர் கண் கலங்கியிருந்தது. தம் பெயர் போயிற்றே என்ற நினைவே அவருக்கு இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கருத்தரங்கில், "இத்தனை வருஷம் நான் சொன்னது தப்பு. கண்டுபிடிச்சது செல்வி" என்று எழுந்து சொன்னார். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரை நாலு கேள்வி கேட்கலாமா என்று எனக்கு வந்தது. சாரோ அவர் கையிலேயே லென்ஸைக் கொடுத்து, "வந்து பாருங்கோ, சந்தோஷமா சிரிக்கற விஷயந்தான்" என்றார்.

போன மாதம் படுக்கையில் கிடந்தபோது, "அந்தத் தாடைப் பெட்டிக் கார்டுல என் தப்பையும் எழுதணும். இல்லேன்னா அடுத்தவாளும் அங்கேயே வழுக்குவா" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத மனம் வரவில்லை.

நேற்று அவரைக் கொண்டுபோன பிறகு நேராகத் துறைக்குப் போனேன். புதுக் கார்டு எடுத்து எழுதினேன்:

"ஓணான் இனம் என்று தவறாக வகைப்படுத்தியவர்: ஹரிஹரன். அது தவறு என்று முதலில் அறிவித்தவர்: ஹரிஹரன்."

மை காயும் வரை கையில் பிடித்திருந்தேன். போய் வாருங்கள், சார்.